வாசல் காக்கும் நாய்க்கு நாம் தரவேண்டிய காப்பு
எல்லைப்புற இல்லங்களில் நாய், பூனை வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டியவை

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544, மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகன்று கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வழியே வாளையாரைக் கடக்கிறது. ஆற்றின் இக்கரையில் தமிழகம், அக்கரையில் கேரளம். இரு கரையிலும் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் எனச் சித்தூர் வட்டம் நெடுகிலும், தெற்கே இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தோட்டப் பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. தென்னந்தோப்பு, மாட்டுத்தொழுவம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு என எங்கு நோக்கினும் வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். அடுப்படியில் ஒரு பூனை சுற்றிவரும்.

வாகனங்கள் நின்று செல்வதற்குச் சாவடிகள் உண்டு. நோய்க்கிருமிக்கு அத்தகைய சாவடி ஏதுமில்லை. ஒரு மாநிலத்தில் தடுப்பூசி போடப்படாத நாய் அடுத்த மாநிலத்தின் தெருவில் இரை தேடுகிறது. காட்டோரத்து வீட்டு நாய் காட்டு விலங்கின் நோயைப் பெறவும் கூடும், தன் நோயை அதற்குக் கொடுக்கவும் கூடும். ஆகவே, இப்பகுதியில் செல்லப்பிராணியைப் பேணுவது ஒரு குடும்பத்தின் சொந்த விருப்பத்தோடு நின்றுவிடுவதில்லை. அக்கம்பக்கத்தாரின் உயிரும் அதனோடு பிணைந்துள்ளது. வாளையார் வட்டாரத்தின் வெயில், மழை, காடு, தோட்டம் ஆகிய சூழல்களுக்கு ஏற்ற வழிமுறைகளை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

2022 தந்த பாடம்

2022ஆம் ஆண்டு கேரள மாநிலத்தில் வெறிநோயால் இருபது பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் மரணமடைந்தார். அவரைக் கடித்தது தெருநாயன்று. பக்கத்து வீட்டில் வளர்ந்த நாய். அவர் மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியும் போட்டுக்கொண்டவர். அச்செய்தி மக்களிடையே பெரும் அச்சத்தைத் தோற்றுவித்தது. தடுப்பூசியின் தரம் குறித்தே ஐயம் எழுந்தது. பின்னர் மத்திய மருந்து ஆய்வகம் அம்மருந்தைச் சோதித்து, அது தரமானதே எனச் சான்றளித்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஆபத்து தெருநாயிடம் மட்டுமே உள்ளது என்னும் எண்ணம் தவறு. தடுப்பூசி போடப்படாத வீட்டு நாயும், அன்றாடம் மடியில் உறங்கும் பூனையும் அதே அளவு ஆபத்தானவையே. இரண்டாவது, கடிபட்ட பின் செய்யும் சிகிச்சை பெரும்பாலான உயிர்களைக் காக்கிறது. எனினும் நரம்புகள் செறிந்த முகம், கழுத்து, கைவிரல் ஆகிய இடங்களில் ஆழ்ந்த காயம் ஏற்படும்போது காலம் மிகக் குறுகியதாகிவிடுகிறது. காயத்தின் வழியே நுழைந்த கிருமி நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி நகர்கிறது. அது மூளையை அடைந்து நோயின் குறிகள் தோன்றிவிட்டால், அதன்பின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. எனவே கிருமியை மனித உடலில் தடுப்பதைக் காட்டிலும் நாயின் உடலிலேயே தடுத்துவிடுவது எளிது, மலிவு, உறுதியானது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறக்கின்றனர். மனிதருக்கு இந்நோய் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களின் வழியே நிகழ்கிறது. கடிபடுவோரில் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறார். நாயைக் கண்டதும் அணைக்க ஓடுபவரும், அது கடித்ததை ஏச்சுக்கு அஞ்சி வீட்டில் மறைப்பவரும் அவர்களே.

குன்னூரின் நூற்றாண்டுப் பணி

வெறிநோய்க்கெதிரான போரில் நம் பகுதிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1885 ஜூலை 6ஆம் நாள் பாரிசில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தி அவன் உயிரைக் காத்தார். இந்தியாவில் 1900இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. தென்னாட்டில் கடிபட்டவர்கள் சிகிச்சைக்காக அத்தனை தொலைவு பயணம் செய்ய வேண்டியிருந்தது. பலருக்கு அது இயலாததாயிற்று. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ், வைசிராய் கர்சனிடம் அளித்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு 1907இல் நீலகிரிக் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது.

அக்காலத் தடுப்பு மருந்து ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று முதியோர் இன்றும் அச்சத்துடன் நினைவுகூர்வது அதனையே. 2004ஆம் ஆண்டின் இறுதியில் அம்மருந்தின் உற்பத்தி இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இன்று போடப்படுவது ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களிலிருந்து பெறப்படும் பாதுகாப்பான மருந்து. பெரும்பாலும் கையில் போடப்படுவது. பழைய அச்சத்தால் இன்றைய சிகிச்சையை ஒருவரும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

குட்டி வீட்டிற்கு வந்தவுடன்

நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வீட்டிற்கு வந்த முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். தாயிடமிருந்து குட்டியை எட்டு வாரத்திற்கு முன் பிரிக்கலாகாது. தாய்ப்பாலின் வழியே வந்த எதிர்ப்புச் சக்தி முதல் சில வாரங்கள் குட்டியைக் காக்கிறது. அதே சக்தி, அப்பருவத்தில் போடப்படும் தடுப்பூசியின் பயனைக் குறைக்கவும் செய்கிறது. ஒரே ஊசியோடு நிறுத்தாமல் இடைவெளி விட்டுத் தொடர்ந்து போடுவதற்கு இதுவே காரணம்.

நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் கூட்டுத் தடுப்பூசி போடப்படுகிறது. பார்வோ கழிச்சல், டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் ஆகியவற்றிற்கு எதிரான காப்பு இதில் அடங்கும். மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, குட்டி பதினாறு வாரத்தை எட்டும்வரை இது மீண்டும் போடப்படும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் முதன்முதலாகப் போடப்படுகிறது. மருத்துவர் குறிக்கும் நாளில் அதன் இரண்டாம் தவணையும், பின்னர் ஆண்டுதோறும் ஒரு தவணையும் தேவை.

பூனைக்குட்டிக்கும் இத்தகைய அட்டவணை உண்டு. பூனைகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் வெள்ளணுக்குறை நோய்க்கும், மூக்கொழுக்கும் கண்ணெரிச்சலும் தரும் சுவாச நோய்களுக்கும் எதிரான கூட்டுத் தடுப்பூசியை எட்டு வாரத்தில் தொடங்கலாம். வெறிநோய்த் தடுப்பூசி பூனைக்கும் மூன்று மாதத்தில் தேவை. நாய்க்கு ஊசி போடுவதில் காட்டும் அக்கறையைப் பூனைக்குக் காட்டாத வீடுகளே மிகுதி. இரவெல்லாம் கூரை மீதும் வேலியோரத்திலும் உலவி, பிற விலங்குகளோடு சண்டையிட்டுக் காயத்துடன் திரும்பும் பூனைக்கு ஆபத்து குறைவானதன்று.

குடற்புழு நீக்கத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். குட்டிகள் பலவும் தாயின் கருவிலோ பாலிலோ புழுக்களைப் பெற்றே வருகின்றன. பிறந்த இரண்டாம் வாரம் தொடங்கி இரு வாரங்களுக்கு ஒருமுறையும், பின் ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறையும், அதன்பின் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் மருந்து கொடுப்பது பொதுவான வழக்கம். எடைக்கேற்பவே மருந்தின் அளவு மாறுமாதலால், மருத்துவரின் சீட்டு இன்றிக் கடையில் வாங்கிக் கொடுப்பதைத் தவிர்க்கவும். நாயின் குடற்புழு, மண்ணில் விளையாடும் குழந்தையின் உடலுக்குள்ளும் செல்லக்கூடியது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஊசியின் நாளையும் மருந்தின் தொகுதி எண்ணையும் மருத்துவரின் கையொப்பத்துடன் தடுப்பூசி அட்டையில் பதிவு செய்து வாங்குங்கள். வங்கிக் கணக்கேட்டைப் போல இதனையும் பத்திரப்படுத்துங்கள். கேரளத்தில் உள்ளாட்சி அமைப்பிடம் நாய்க்கான உரிமம் பெறுவதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இன்றியமையாதது. தமிழகத்திலும் சென்னை போன்ற மாநகராட்சிகள் செல்லப்பிராணி உரிமத்தை வலியுறுத்துகின்றன. பிராணிகளை ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்குக் கொண்டு செல்வது பற்றிய 1978ஆம் ஆண்டு விதிகளின்படி, நாய், பூனைகளை இரயிலிலோ சாலை வழியாகவோ அழைத்துச் செல்லும்போது, அவை பயணத்திற்குத் தகுதியானவை, தொற்றுநோய் அறிகுறி அற்றவை என்னும் கால்நடை மருத்துவரின் சான்றும் உடனிருக்க வேண்டும். கோயம்புத்தூரில் பணி, பாலக்காட்டில் வீடு என்று வாழ்வோர் இதனை முன்கூட்டியே பெற்று வைத்துக்கொள்வது நன்று.

கடிபட்டால் செய்ய வேண்டியவை

நாய், பூனை கடித்தாலோ கீறினாலோ பின்வருவனவற்றை வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதனைச் சிதைத்துவிடும். மருத்துவமனைக்கு விரைவதற்கு முன் செய்யும் இச்செயலே முதல் மருந்து.

2. மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய் என எதனையும் காயத்தில் அப்ப வேண்டா. அவை காயத்தைப் புண்ணாக்கிக் கிருமியை ஆழத்திற்குத் தள்ளும். காயத்தை இறுகக் கட்டவும் வேண்டா.

3. அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நாய் நக்கியது படாத தோலின் மீதாயின், கழுவுவதே போதும். இரத்தம் வராத சிறு கீறலுக்குத் தடுப்பூசி தேவை. இரத்தம் வந்த காயம், ஏற்கெனவே உள்ள புண்ணில் நக்குதல், கண், வாய் ஆகியவற்றில் எச்சில் படுதல் ஆகியவற்றிற்குத் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதமும் தேவை.

4. இம்யூனோகுளோபுலின் காயத்தின் உள்ளும் சுற்றிலும் செலுத்தப்படுகிறது. தடுப்பூசி வேலை செய்யத் தொடங்குவதற்குச் சில நாள்கள் ஆகும்; அந்த இடைவெளியில் கிருமியைக் காயத்திலேயே மடக்கி நிறுத்துவது இதுதான். பல காயங்கள் இருப்பின் ஒன்றுகூட விடுபடாதபடி மருத்துவரிடம் எல்லாவற்றையும் காட்டுங்கள். தலைமுடிக்குள் மறைந்த சிறு காயத்தையும் தேடிப் பாருங்கள்.

5. அரசு மருத்துவமனைகளில் தோலினுள் போடப்படும் ஊசி, முதல் நாளான 0, பின்னர் 3, 7, 28 ஆகிய நாள்களில் இரு கைகளிலும் போடப்படுகிறது. தசையில் போடும் முறையில் 14ஆம் நாளும் சேரும். ஒரு தவணையைக்கூடத் தவறவிடாதீர்கள்.

6. முன்னரே முழுத் தவணையும் போட்டுக்கொண்டவர் மீண்டும் கடிபட்டால், 0, 3 ஆகிய இரு நாள்களில் ஊசி போட்டால் போதும். ஆகவே பழைய சீட்டைக் கிழித்தெறிய வேண்டா.

கடித்த நாயையோ பூனையையோ அடித்துக் கொல்வதும் ஊருக்கு அப்பால் விரட்டுவதும் தவறு. அதனைப் பாதுகாப்பாக அடைத்துப் பத்து நாள்கள் கவனிக்க வேண்டும். எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அவ்விலங்கு அந்நாள்களுக்குள் நோயுற்று இறந்துவிடும். பத்து நாள் கடந்தும் நலமாக இருந்தால் கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்பது உறுதி. ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளி வைக்கக் கூடாது. சிகிச்சையும் கண்காணிப்பும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்.

வெறிநோய் கண்ட நாய் எப்போதும் பாய்ந்து கடிக்கும் என்பதில்லை. சில நாய்கள் இருட்டு மூலையில் ஒடுங்கும், குரல் மாறும், தாடை தொங்கி எச்சில் வடியும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதென்று எண்ணி வாயில் கைவிடுவோர் உண்டு. மாடுகளிலும் இவ்வாறே நிகழும். சித்தூர் வட்டம் பால் உற்பத்திக்குப் பெயர்பெற்றது. தீனி எடுக்காமல் அடிக்கடி கதறி எச்சில் ஒழுக நிற்கும் மாட்டின் வாயில் வெறுங்கையை நுழைக்கும் முன், அதனை அண்மையில் நாய் கடித்ததுண்டா என்று கேட்டறிய வேண்டும். ஐயம் எழுந்தால் கால்நடை மருத்துவரை அழைத்த பின்னரே அருகில் செல்லுங்கள்.

கணவாயின் வெயில்

பாலக்காட்டுக் கணவாயின் வழியே தமிழகச் சமவெளியின் வறண்ட காற்று வீசுவதால், மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டின் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தொடுகிறது. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைப்பதன் மூலமே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி அளவில் இருக்கும்; 41ஐக் கடந்தால் உறுப்புகள் சேதமடையத் தொடங்கும்.

பக், புல்டாக், ஷிட்சு போன்ற தட்டைமூக்கு இனங்களும், பனிநாட்டுக்குரிய ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவையும் இவ்வெயிலில் பெரிதும் துன்புறுகின்றன. நாய் வாங்க எண்ணுவோர் நம் மண்ணின் இனங்களை முதலில் எண்ணிப் பார்க்கலாம். சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் ஆகியவை இவ்வெப்பத்திற்குப் பழகியவை. இடுக்கி மலையடிவாரத்தில் தேனி மாவட்டத்திலுள்ள கோம்பை என்னும் ஊரின் பெயராலேயே ஓர் இனம் வழங்குகிறது. இராஜபாளையம் இனத்திற்கு 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. எனினும் தூய வெள்ளை நிற இராஜபாளையம் குட்டிகளில் காது கேளாமை காணப்படுவதுண்டு. வாங்கும் முன் கைதட்டிப் பார்ப்பது நல்லது.

காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் நடைக்கு அழைத்துச் செல்லுங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லையெனில் நாயின் பாதமும் அதனைத் தாங்காது. நிறுத்திய காரினுள் ஒருபோதும் விட்டுச் செல்லாதீர்கள். வெளியே 32 டிகிரி இருக்கும்போதே மூடிய காரினுள் அரைமணி நேரத்தில் 45 டிகிரியைக் கடந்துவிடும். தகரக் கூரையின் கீழ்ச் சங்கிலியால் கட்டி வைப்பதும் அதற்கு ஒப்பானதே.

இடைவிடாத மூச்சிரைப்பு, சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை தோன்றினால் நிழலுக்குக் கொண்டு வந்து, சாதாரணத் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி மின்விசிறியின் கீழ்க் கிடத்துங்கள். பனிக்கட்டி நீரில் அமிழ்த்த வேண்டா. நினைவிழந்த நாயின் வாயில் நீர் புகட்ட வேண்டா. குளிர்விக்கத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டத் தவறாதீர்கள்.

மழைக்காலத்துப் பகைவர்கள்

ஜூன் மாதம் மழை இறங்கியதும் உண்ணியும் எலிக்காய்ச்சலும் தலைதூக்குகின்றன. உண்ணி குடிக்கும் இரத்தத்தின் அளவைவிட அது செலுத்தும் கிருமியே கொடியது. எர்லிக்கியா, பபேசியா ஆகிய கிருமிகள் காய்ச்சல், சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கில் இரத்தம், காப்பி நிறச் சிறுநீர் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. உண்ணியை நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். தீக்குச்சியால் சுடுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் கூடாது. படுக்கும் இடம், சுவர் வெடிப்பு ஆகியவற்றையும் தூய்மை செய்யாவிடில் உண்ணி மீண்டும் வரும்.

ஓர் எச்சரிக்கை: நாய்க்குரிய உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் உள்ளது. அது பூனைக்கு நஞ்சு. இரண்டையும் சேர்த்து வளர்ப்போர் மருந்துப் பெட்டியைப் படித்துப் பார்த்தே பயன்படுத்த வேண்டும்.

எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த நீரின் வழியே பரவுகிறது. தேங்கிய நீரைக் குடிக்கும் நாய்க்கும், காலில் வெடிப்புடன் அந்நீரில் நடக்கும் உழவருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் அது தொற்றும். நோயுற்ற நாயின் சிறுநீரிலும் கிருமி வெளியேறும். எனவே ஆண்டுதோறும் தடுப்பூசி, எலி அண்டாத தீவனப் பெட்டி, சிறுநீரைக் கழுவும்போது கையுறை ஆகிய மூன்றும் தேவை. நாய்க்கு வாந்தி, மஞ்சள் படிந்த கண், குறைந்த சிறுநீர் ஆகியவை தோன்றினால் நாள் கடத்தாதீர்கள்.

காடும் தோட்டமும்

வாளையார் காட்டோர ஊர்களிலும் மூணாறு தோட்டங்களிலும் சிறுத்தை நாயைத் தேடி வீட்டு வாசல்வரை வருவதுண்டு. இரவில் நாயை வெளியே கட்டி வைப்பது அதனை இரையாக வைப்பதற்கு நிகர், வீட்டாருக்கும் ஆபத்து. நாயை உள்ளேயோ கம்பிவலையிட்ட உறுதியான கூண்டிலோ அடையுங்கள். இறைச்சிக் கழிவுகளைத் திறந்த வெளியில் கொட்டாதீர்கள்.

மறுபுறம், நம் நாயால் காட்டிற்கு நேரும் தீங்கையும் எண்ண வேண்டும். டிஸ்டெம்பர் கிருமி நாயினத்தில் மட்டும் நிற்பதில்லை. 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்கள் இந்நோயால் மடிந்தன. 2018இல் குஜராத்தின் கிர் காட்டிலும் சிங்கங்கள் பல இறந்தபோது இக்கிருமி கண்டறியப்பட்டது. செந்நாயும் சிறுத்தையும் வாழும் நம் மலைக்காட்டின் ஓரத்தில் தடுப்பூசி போட்ட ஒவ்வொரு நாயும் காட்டிற்கு ஒரு வேலி.

தோட்டப் பகுதியில் பூச்சிக்கொல்லியும் எலிமருந்தும் பெரும் ஆபத்துகள். ஏலத்தோட்டத்தில் மருந்து தெளித்த நாளில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். திடீரென எச்சில் வடிதல், நடுக்கம், சுருங்கிய கண்மணி ஆகியவை பூச்சிக்கொல்லி நஞ்சின் குறிகள். மருந்தின் குப்பியையோ உறையையோ கையோடு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் எந்த மாற்றுமருந்து என்று தேட நேரம் வீணாகாது. நீங்களாக உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்ய வேண்டா. பாம்பு கடித்தால் கீறுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள்.

சமையலறையிலும் நஞ்சு உண்டு. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை ஆகியவை நாய்க்கு ஆகாதவை. சமைத்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் கிழிக்கும். மனிதருக்குரிய எந்த மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் கொடுக்காதீர்கள்.

கருத்தடையும் பொதுநலமும்

வீட்டில் வேண்டாத குட்டிகள் பிறந்து, சாக்கில் கட்டிச் சந்தையோரத்தில் விடப்படுவதிலிருந்தே தெருநாய்ப் பெருக்கத்தின் ஒரு பகுதி தொடங்குகிறது. கருத்தடை அறுவை அதனைத் தடுப்பதோடு, வயது முதிர்ந்த பெண்நாய்களைத் தாக்கும் கருப்பைச் சீழ்நோயிலிருந்தும் காக்கிறது. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யும் முறையை 2023ஆம் ஆண்டின் பிராணிகள் கருத்தடை விதிகள் வகுத்துள்ளன.

ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், வெறிநோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட அளவுகோல். கோவா மாநிலம் அதனைச் செயலில் காட்டியது. ஊர் ஊராகச் சென்று ஆண்டுதோறும் பெருந்திரளான நாய்களுக்கு ஊசி போட்டதன் பயனாக, மூன்று ஆண்டுகள் மனித மரணம் பதிவாகாத நிலையில், 2021இல் அம்மாநிலம் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், 2030க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிக்கும் தேசியச் செயல்திட்டத்தை நடுவண் அரசு வெளியிட்டது. பாஸ்டர் மறைந்த அந்நாளே உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. எழுபது என்னும் அந்த எண்ணிக்கையில் உங்கள் வீட்டு நாயும் ஒன்று.

செலவைத் திட்டமிடுதல்

செல்லப்பிராணி பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் நம்முடன் வாழும் உறுப்பினர். அதன் செலவையும் குடும்ப வரவு செலவில் சேர்ப்பது அறிவுடைமை. தடுப்பூசி, புழுநீக்கம், உண்ணி மருந்து ஆகியவை முன்கூட்டியே கணக்கிடக்கூடியவை. பார்வோ கழிச்சலுக்கு நாள்கணக்கில் ஏற்றும் குளுக்கோசும், விபத்துக்கான அறுவையும் அவ்வாறல்ல; அவை ஒரே வாரத்தில் குடும்பத்தின் சேமிப்பை உலுக்கக்கூடியவை. மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பாக ஒதுக்கி வருவோர், நெருக்கடியின்போது கடன் தேடி அலைய நேராது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில, நாய்களுக்கெனக் காப்பீட்டுத் திட்டங்களையும் வழங்குகின்றன. எந்த வயதுவரை காப்பு, எந்த நோய்களுக்கு விலக்கு, தடுப்பூசிச் சான்று கட்டாயமா என்பனவற்றைப் படித்தறிந்த பின் கையொப்பமிடுங்கள். தடுப்பூசி தவறிய நோய்க்கு இழப்பீடு கிடைக்காமற் போகலாம்.

பொது ஆலோசனைக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையே முதல் படி. சிக்கலான நோய்களுக்கு வாளையாரிலிருந்து இதே நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால், திருச்சூரை ஒட்டிய மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. இரவில் அவசரம் நேர்ந்தால் எங்குச் செல்வது என்பதை இன்றே விசாரித்து, அந்தத் தொலைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

இந்த இதழை மூடும் முன் ஒரு சிறு வேலை. உங்கள் நாயின், பூனையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, கடைசி வெறிநோய் ஊசியின் தேதியைப் பாருங்கள். ஓராண்டு கடந்திருந்தால் இவ்வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அட்டையே இல்லையெனில் அதுவே முதல் வேலை. தெருவில் விளையாடும் குழந்தைகளை அழைத்து, நாய் கடித்தாலோ கீறினாலோ ஏச்சுக்கு அஞ்சாமல் உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்றும் கூறிவையுங்கள்.